எஃப்பிஜிஏ போர்டுக்கு ஏற்ற யூஎஸ்பி நிரலாக்கக் கேபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொழுதுபோக்காக எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) பழகத் தொடங்குபவர்களில் பலர், போர்டை வாங்கும்போதே, வடிவமைப்பைக் கணினியிலிருந்து சிப்பில் ஏற்றும் ஒரு நிரலாக்கக் கேபிளையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்தக் கேபிள் தேவையே இல்லை. தேவைப்படும் இடத்திலோ, போர்டின் ஹெடரில் (முனைகள் வரிசையாக நிற்கும் இணைப்பான்) சரியாகப் பொருந்திவிட்ட கேபிளை மென்பொருள் அடையாளம் காண மறுத்துவிடுகிறது. ஆகவே பணம் செலவழிப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு, இதே வரிசையில், விடை கண்டுகொள்வது நல்லது: நிரலாக்கச் சுற்று போர்டிலேயே இருக்கிறதா, எந்த மென்பொருள் கேபிளைக் கையாளப்போகிறது, போர்டின் நிரலாக்க முனைகள் எந்த மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. விற்பனைப் பக்கங்களில் கொட்டை எழுத்தில் வரும் வேகம் இந்த வரிசையில் இடம்பெறவில்லை. அதற்கான காரணத்தைக் கணக்கோடு பின்னர் பார்க்கலாம்.

போர்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

போர்டின் யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதிலிருந்து தேர்வு தொடங்குகிறது. டிஜிலென்ட் நிறுவனத்தின் பேஸிஸ் 3, ஆர்ட்டி ஏ7 ஆகிய போர்டுகளில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி2232ஹெச் என்னும் யூஎஸ்பி மாற்றிச் சிப் போர்டிலேயே இருக்கிறது. அதற்கு இரண்டு சேனல்கள் உண்டு. ஒன்று ஜேடேக்காகவும் (சிப்பை நிரலாக்கவும் சோதிக்கவும் பயன்படும் பொது இணைப்பு முறை) மற்றொன்று யூஆர்ட்டாகவும் (எழுத்துகளைத் தொடராக அனுப்பும் எளிய இணைப்பு) பயன்படுவதால், ஒரே மைக்ரோ யூஎஸ்பி வயர் மின்சாரம், நிரலாக்கம், கணினித் திரையில் செய்தி அச்சிடுதல் ஆகிய மூன்று வேலைகளையும் பார்த்துக்கொள்கிறது. லாட்டிஸின் ஐஸ்ஸ்டிக் போர்டிலும் அதே சிப்தான். அதைப் பென்டிரைவ் போலக் கணினியில் நேரடியாகச் செருகலாம். டெராசிக் நிறுவனத்தின் டிஇ0-நானோவில் ஆல்டெராவின் யூஎஸ்பி-பிளாஸ்டர் என்னும் நிரலாக்கச் சுற்று உள்ளடங்கியிருக்கிறது. சிபீட் நிறுவனத்தின் டாங் நானோ 9கே போர்டில், பிஎல்702 என்னும் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் எஃப்டிடிஐ சிப்பைப் போல நடந்துகொள்ளும்படி நிரல் எழுதப்பட்டிருக்கிறது. இவற்றில் எதை வைத்திருந்தாலும் தனி நிரலாக்கக் கேபிள் வேண்டியதில்லை. நல்ல யூஎஸ்பி வயர் ஒன்று போதும்.

வேறொரு வகைப் போர்டுகளில் தனிச் சிப்கூட இருப்பதில்லை. டைனிஎஃப்பிஜிஏ பிஎக்ஸ், ஆரஞ்ச்கிராப் போன்றவற்றில், மின்சாரம் வந்தவுடன் எஃப்பிஜிஏ தன் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ஒரு பூட்லோடரை (புதிய வடிவமைப்பை ஏற்றுவதற்கான தொடக்க நிரல்) ஏற்றிக்கொண்டு, தானே யூஎஸ்பி சாதனமாக மாறி, புதிய பிட்ஸ்ட்ரீமை (உள்சுற்றை அமைக்கும் தரவுக் கோப்பு) வாங்கிக்கொள்கிறது. இதற்கும் வயர் மட்டும் போதும். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியானால் யாருக்குத்தான் தனிக் கேபிள் தேவை? ஈபி2சி5 சிப் கொண்ட பழைய சைக்ளோன் 2 சிறு போர்டுகளை வாங்கியவர்களுக்குத் தேவை, ஏனெனில் அவற்றில் 10-பின் ஹெடர் மட்டுமே இருக்கும், யூஎஸ்பி சாக்கெட் இருக்காது. எல்இடி திரைகளுக்காகத் தயாரிக்கப்பட்டு, உள்ளே ஈசிபி5 சிப் இருப்பதால் ஆர்வலர்கள் தேடிப்பிடித்து வாங்கும் கலர்லைட் 5ஏ-75பி அட்டையில் ஜேடேக் தொடர்புகள் வெறும் துளைகளாகவே விடப்பட்டிருக்கும், அதற்கும் தேவை. ஸ்பார்ட்டன்-6 காலத்துப் போர்டுகளில் பல இவ்வகையே. தாமே போர்டு வடிவமைப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கை உடனே சொல்லிவிட வேண்டும். லாட்டிஸின் ஐஸ்40 குடும்பத்துச் சிப்புகளில் பிட்ஸ்ட்ரீமை ஏற்ற ஜேடேக் வழி இல்லை; அவை எஸ்பிஐ என்னும் வேறொரு தொடர் இணைப்பு வழியாக மட்டுமே பிட்ஸ்ட்ரீமைப் பெறுகின்றன. ஆகவே ஐஸ்40 வைத்துத் தனியாகப் போர்டு செய்பவர், ஜேடேக் மட்டுமே பேசும் கேபிளை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது மேசையில் கிடக்கத்தான் பயன்படும். எஸ்பிஐயும் ஜேடேக்கும் இரண்டும் செய்யக்கூடிய எஃப்டி232ஹெச் அல்லது எஃப்டி2232ஹெச் தொகுதிதான் (அந்தச் சிப் கொண்ட சிறு துணைப் போர்டு) அவருக்கு ஏற்றது.

வெறும் யூஎஸ்பி வயரிலும் தேர்வு உண்டு

தனிக் கேபிள் வேண்டியதில்லை என்று முடிவானவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிவிடக் கூடாது. பவர் பேங்க், டிரிம்மர், புளூடூத் ஒலிபெருக்கி ஆகியவற்றுடன் வரும் வயர்களில் பல சார்ஜ் செய்வதற்கு மட்டுமானவை. அவற்றுக்குள் தரவுக் கம்பிகள் இரண்டும் இருப்பதில்லை. போர்டின் விளக்குகள் எரியும், கணினியோ எதுவும் செருகப்படாதது போல இருக்கும். டிரைவரைக் குறை சொல்லி மணிக்கணக்கில் தேடுவதற்கு முன், அதே வயரால் கைபேசியைக் கணினியுடன் இணைத்துக் கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் ஐயம் ஒரு நிமிடத்தில் தீரும்.

அடுத்தது வயரின் தடிமன். பெரும்பாலான சிறு போர்டுகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் இதே வயரிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. யூஎஸ்பி 2.0 துறை தருவது அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர். 28 கேஜ் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம், மின்னோட்டம் போகவும் வரவும் இரண்டு கம்பிகள் இருப்பதால், ஒரு மீட்டர் வயரில் 0.42 ஓம் ஆகிறது. 0.5 ஆம்பியர் பாயும்போது 0.21 வோல்ட் வயரிலேயே தொலைந்துபோகும். இரண்டு மீட்டர் வயரில் 0.42 வோல்ட் போய், போர்டுக்கு 4.6 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். அதே இடத்தில் 24 கேஜ் கம்பி இருந்தால் ஒரு மீட்டருக்கு இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். பல வயர்களின் மேலுறையில் 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி என்று அச்சிட்டிருப்பார்கள்: முதலாவது தரவு இணையின் தடிமன், இரண்டாவது மின்சாரக் கம்பிகளின் தடிமன். இரண்டாவது எண் சிறியதாக இருக்கும் வயரை, ஒரு மீட்டருக்கு மிகாத நீளத்தில் வாங்குவது போதுமானது. யூஎஸ்பி 2.0 வரையறை ஐந்து மீட்டர் வரை இடம் தருகிறது என்பதற்காக அவ்வளவு நீளம் வாங்குவதில் பயன் எதுவும் இல்லை.

டைப்-சி சாக்கெட் கொண்ட போர்டுகளில் இன்னொரு சிக்கலும் வரும். இருபுறமும் டைப்-சி உள்ள வயரில் மின்சாரம் வர வேண்டுமானால், போர்டின் சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்னும் இரு முனைகளிலும் தலா 5.1 கிலோஓம் தடையம் இருக்க வேண்டும். மலிவாகச் செய்யப்பட்ட சில போர்டுகளில் இந்தத் தடையங்களை விட்டுவிடுகிறார்கள். அத்தகைய போர்டு சி-இலிருந்து-சி வயரில் உயிரற்றுக் கிடக்கும். ஏ-இலிருந்து-சி வயரில் ஒழுங்காக வேலை செய்யும். போர்டு பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைச் சோதித்துவிட வேண்டும்.

மென்பொருள் எந்தக் கேபிளை ஏற்கும்?

தனிக் கேபிள் தேவை என்று உறுதியான பிறகு, முடிவெடுப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். ஜேடேக் என்பது 1990-இல் ஐட்ரிபிள்இ 1149.1 என்ற எண்ணில் வெளியான பொதுத் தரம். டிசிகே (கடிகாரம்), டிஎம்எஸ் (கட்டுப்பாடு), டிடிஐ (சிப்புக்குள் போகும் தரவு), டிடிஓ (சிப்பிலிருந்து வரும் தரவு) ஆகிய நான்கு கம்பிகளும் ஒரு கிரவுண்டும் இருந்தால் போதும். கம்பிகளின் அளவில் எல்லாக் கேபிளும் எல்லாப் போர்டுக்கும் பொருந்தும் என்றாலும், கணினிக்கும் கேபிளுக்கும் இடையே நடக்கும் பேச்சு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொன்றின் கேபிளைப் பொருட்படுத்துவதில்லை.

சைலிங்க்ஸ் சிப்புகளிலிருந்து தொடங்கலாம் (அந்நிறுவனம் 2022-இல் ஏஎம்டியின் வசமாகிவிட்டாலும் ஆர்வலர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்). விவாடோ மென்பொருள் இரண்டு வகைக் கேபிள்களை எளிதாக ஏற்கிறது: சைலிங்க்ஸின் பிளாட்ஃபார்ம் கேபிள் யூஎஸ்பி 2, டிஜிலென்டின் ஜேடேக்-ஹெச்எஸ் வரிசை. கடையில் கிடைக்கும் சாதாரண எஃப்டி2232ஹெச் தொகுதியை இணைத்தால் விவாடோ அதைக் கண்டுகொள்ளாது. சிப் ஒன்றே என்றாலும், சிப்போடு சேர்ந்த ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத சிறு நினைவகம்) குறிப்பிட்ட அடையாளத் தரவு எழுதப்பட்டிருக்கிறதா என்று அது பார்க்கிறது. அந்தத் தரவை எழுதுவதற்கான ஒரு கட்டளைக் கருவி விவாடோவுடனேயே வருகிறது. எஃப்டி232ஹெச், எஃப்டி2232ஹெச், எஃப்டி4232ஹெச் ஆகிய மூன்றுக்கும் அது பயன்படும். எனவே தொகுதி வாங்கும்போது அதில் ஈஈபிராம் இருக்கிறதா என்பதைப் படத்தில் உற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மலிவான சிலவற்றில் அதற்கான இடம் காலியாக விடப்பட்டிருக்கும். இதன் மறுபக்கமும் முக்கியம்: டிஜிலென்ட் போர்டில் இருக்கும் ஈஈபிராமை எஃப்டிடிஐயின் பொதுக் கருவியால் அழித்து மாற்றி எழுதினால், விவாடோ அந்தப் போர்டை அதற்குப் பிறகு அடையாளம் காணாது.

விவாடோவுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. எக்ஸ்விசி என்னும் மெய்நிகர்க் கேபிள் நெறிமுறையில், ஜேடேக் கட்டளைகள் வலையிணைப்பு வழியாக, வழக்கமாக 2542 என்ற டிசிபி துறையில், அனுப்பப்படுகின்றன. ராஸ்பெரி பை போன்ற கணினியில் இதற்கான சிறு நிரலை ஓட்டி, அதன் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) முனைகளையே ஜேடேக் கம்பிகளாக ஆக்கலாம். வீட்டில் ஒரு ராஸ்பெரி பை சும்மா இருந்தால் தனிக் கேபிளே வாங்காமல் வேலையைத் தொடங்கிவிட முடியும்.

ஸ்பார்ட்டன்-3, ஸ்பார்ட்டன்-6 போன்ற பழைய சிப்புகளை விவாடோ ஆதரிப்பதில்லை. அவற்றுக்கு 2013-இல் வெளியான ஐஎஸ்இ 14.7 பதிப்போடு வரும் இம்பாக்ட் வேண்டும். இம்பாக்ட் பிளாட்ஃபார்ம் கேபிளை நேரடியாக ஏற்கும். டிஜிலென்ட் கேபிள்களுக்குத் தனி இணைப்பு நிரல் நிறுவ வேண்டும். பிளாட்ஃபார்ம் கேபிளின் உள்ளே இருக்கும் சைப்ரஸ் நிறுவனத்தின் எஃப்எக்ஸ்2 சிப், செருகியவுடன் கணினியிலிருந்து தன் ஃபர்ம்வேரை (உள் நிரலை) வாங்கிக்கொண்டு வேறொரு அடையாள எண்ணுடன் மீண்டும் தோன்றுகிறது. புதிய லினக்ஸ் கணினிகளில் இந்த ஃபர்ம்வேர் ஏற்றும் படியை அமைப்பதுதான் பலரைச் சோதிக்கும் இடம். புதிதாகத் தொடங்குபவர் இந்தத் தலைவலியை விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆல்டெராவின் நிலை எளிமையானது. குவார்டஸ் மென்பொருள் யூஎஸ்பி-பிளாஸ்டரை எதிர்பார்க்கிறது. அதன் நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. மூலக் கேபிளின் உள்ளே எஃப்டி245 சிப்பும் அதனோடு ஒரு சிபிஎல்டியும் (எஃப்பிஜிஏயைவிட எளிய நிரலாக்கச் சிப்) இருந்தன. நகல்களில் பல, அந்த இரண்டின் வேலையையும் ஒரே மைக்ரோகண்ட்ரோலரிடம் கொடுத்துவிடுகின்றன. அது தவறில்லை, ஆனால் அந்த நிரல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, சில நகல்கள் விண்டோஸில் ஓடி லினக்ஸில் தடுமாறும். சில, நேரடித் துறையில் ஓடி யூஎஸ்பி ஹப்பில் தடுமாறும். சைக்ளோன் சிறு போர்டில் விளக்கு மினுக்கிப் பழக நகல் போதும். சிக்னல்டேப் (சிப்பின் உள்ளே ஓடும் சமிக்ஞைகளைக் காட்டும் கருவி) போட்டு நீண்ட நேரம் பிழை தேடும் வேலை இருந்தால், யூஎஸ்பி-பிளாஸ்டர் 2 உள்ளடங்கிய டிஇ10-நானோ போன்ற போர்டுக்கே செலவழிப்பது மேல்.

லாட்டிஸ் விற்கும் ஹெச்டபிள்யூ-யூஎஸ்பிஎன்-2பி கேபிளின் உள்ளே இருப்பதும் எஃப்டி2232ஹெச்தான். அந்நிறுவனத்தின் நிரலாக்க மென்பொருள் பொதுவான எஃப்டி2232ஹெச் தொகுதியையும் ஏற்றுக்கொள்கிறது. விலை வேறுபாட்டைக் கருதினால், ஈசிபி5 அல்லது மாக்எக்ஸ்ஓ2 வைத்து விளையாடும் ஆர்வலருக்கு நிறுவனக் கேபிளை வாங்கக் காரணம் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்த ஏற்பு மின்னழுத்தப் பாதுகாப்பைச் சேர்த்துத் தருவதில்லை.

யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் ஆகிய திறந்தமூலக் கருவிகளைக் கொண்டு வேலை செய்பவர்களுக்கு வாசல் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. ஓப்பன்எஃப்பிஜிஏலோடர் என்னும் நிரல் எஃப்டிடிஐ தொகுதிகள், யூஎஸ்பி-பிளாஸ்டர், டிஜிலென்ட் கேபிள்கள் எல்லாவற்றையும் ஏற்பதோடு, ராஸ்பெரி பை பைக்கோவில் டர்ட்டிஜேடேக் ஃபர்ம்வேரை எழுதிவிட்டால் அந்தப் பைக்கோவையும் ஜேடேக் கேபிளாக ஏற்றுக்கொள்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று இவ்வாறு பல நிறுவனங்களின் சிப்புகளுக்கும் பொதுவான கேபிளாகிவிடுகிறது. நிறுவன மென்பொருளைப் பிட்ஸ்ட்ரீம் உருவாக்க மட்டும் பயன்படுத்திவிட்டு, ஏற்றும் வேலையை ஓப்பன்எஃப்பிஜிஏலோடரிடம் விடுவதும் நடைமுறையில் உள்ள வழிதான். ஆனால் விவாடோவின் ஐஎல்ஏ, குவார்டஸின் சிக்னல்டேப் போன்ற உள்நோக்கிக் கருவிகள் வேண்டுமென்றால், அந்தந்த மென்பொருள் ஏற்கும் கேபிள் இல்லாமல் முடியாது. தேர்வின் உண்மையான பிரிவு இங்கேதான் ஏற்படுகிறது: பிட்ஸ்ட்ரீமை ஏற்ற மட்டுமா, உள்ளே நடப்பதைப் பார்க்கவும் வேண்டுமா?

எஃப்டிடிஐ தொகுதி வாங்க முடிவு செய்தவர் சிப்பின் பெயரை எழுத்து பிசகாமல் படிக்க வேண்டும். பெயரின் இறுதியில் ஹெச் இருப்பவற்றில், ஜேடேக், எஸ்பிஐ போன்ற நெறிமுறைகளைச் சிப்பே வேகமாக நடத்தும் எம்பிஎஸ்எஸ்இ என்னும் உட்பொறி இருக்கிறது. பரவலாக விற்கும் எஃப்டி232ஆர் யூஆர்ட்டுக்கானது. அதில் அந்தப் பொறி இல்லை. யூஎல்எக்ஸ்3எஸ் போர்டில் இருக்கும் எஃப்டி231எக்ஸ் சிப்பிலும் அது இல்லை என்றாலும், முனைகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும் முறையில், அதற்கென எழுதப்பட்ட நிரலைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். புதிதாக வாங்குபவர் அந்த வழியில் போகத் தேவையில்லை. எஃப்டி232ஹெச்சுக்கும் எஃப்டி2232ஹெச்சுக்கும் இடையே நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனெனில் அதன் இரண்டாம் சேனல் யூஆர்ட்டாகப் பயன்பட்டு, இன்னொரு வயரை மேசையிலிருந்து ஒழித்துவிடும்.

போலிச் சிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் ஒன்று, போலி எஃப்டி232 சிப்புகளின் அடையாள எண்ணை 0 என்று மாற்றி எழுதி, அவற்றைக் கணினி அறியாதபடி செய்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் விலக்கிக்கொள்ளப்பட்டது. சந்தேகத்துக்கிடமான விலையில் கிடைக்கும் தொகுதிகளை ஒதுக்க இந்த நிகழ்ச்சி ஒன்றே போதுமான காரணம்.

மின்னழுத்தம்: போர்டு சேதமாகும் இடம்

தவறான மென்பொருளைத் தேர்ந்தால் நேரம்தான் போகும். தவறான மின்னழுத்தத்தைத் தேர்ந்தால் சிப்பே போகக்கூடும். எஃப்டி2232ஹெச் சிப்பின் முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குகின்றன. ஆர்வலர் போர்டுகளில் பெரும்பாலானவை அதே 3.3 வோல்ட் என்பதால் நேரடி இணைப்பு வேலை செய்துவிடுகிறது. அந்தப் பழக்கமே பின்னர் ஆபத்தாகிறது. சைலிங்க்ஸின் 7-ஆம் வரிசைச் சிப்புகளில் ஜேடேக் முனைகள் பேங்க் 0-இன் (பேங்க் என்பது ஒரே மின்னழுத்தத்தைப் பகிரும் முனைகளின் குழு) மின்னழுத்தத்தையும், ஈசிபி5-இல் பேங்க் 8-இன் மின்னழுத்தத்தையும் பின்பற்றுகின்றன. அந்தப் பேங்குக்கு 1.8 வோல்ட் கொடுத்து வடிவமைத்த போர்டில் 3.3 வோல்ட் கேபிளைச் செருகுவது, சிப்பின் தாங்கு எல்லையைத் தாண்டுவதாகும். சைக்ளோன் 4 போர்டுகளில் 10-பின் ஹெடரின் 4-ஆம் முனையில் 2.5 வோல்ட் இருப்பதும் சாதாரணம்.

இதற்கான தீர்வுதான் வீரெஃப் என்னும் குறிப்பு மின்னழுத்த முனை. நல்ல கேபிளில் ஒரு லெவல் ஷிஃப்டர் இருக்கும். போர்டிலிருந்து வீரெஃப் வழியாக வரும் மின்னழுத்தத்தையே அது தன் வெளியீட்டு அளவாக ஏற்றுக்கொள்ளும். டிஜிலென்டின் ஜேடேக்-ஹெச்எஸ்3 இந்த முறையில் 1.8 முதல் 5 வோல்ட் வரை கையாள்கிறது. ஜிங்க் சிப்புகளின் செயலியை மீட்டமைப்பதற்கான ரீசெட் கம்பியும் அதில் உண்டு. மலிவான தொகுதிகளிலோ லெவல் ஷிஃப்டர் இருப்பதில்லை. 3.3 வோல்ட் போர்டு ஒன்றை மட்டுமே வைத்திருப்பவருக்கு அது குறையில்லை. பல போர்டுகளைக் கையாளப்போகிறவர், வேகத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை லெவல் ஷிஃப்டருக்குக் கொடுக்கட்டும்.

வீரெஃப் முனையில் இன்னொரு குழப்பமும் உண்டு. சரியான கேபிளில் அது போர்டின் மின்னழுத்தத்தை உணர்வதற்கான உள்ளீடு. பல எஃப்டிடிஐ தொகுதிகளில் அதே இடத்தில் இருப்பது, தொகுதியின் ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் 3.3 வோல்ட் வெளியீடு. அதைப் போர்டின் 3.3 வோல்ட் முனையோடு இணைத்தால், இரண்டு ரெகுலேட்டர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். கண்டுபிடிப்பது எளிது: போர்டுடன் இணைக்காமல் கேபிளைக் கணினியில் மட்டும் செருகி, அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் காட்டினால் அது வெளியீடு; அந்த முனையை இணைக்காமல் விட்டுவிட்டு, போர்டுக்கு அதன் சொந்த மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு போர்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அதன் ஹெடரிலும் அளந்து, இரு எண்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே கம்பிகளைச் செருகலாம்.

மோட்டார், உயர் மின்னழுத்தச் சுற்று போன்றவற்றோடு எஃப்பிஜிஏயை இணைத்திருப்பவர்கள், கணினிக்கும் போர்டுக்கும் இடையே யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின்தொடர்பைப் பிரித்து, தரவை மட்டும் கடத்தும் கருவி) வைப்பது வழக்கம். ஏடியூஎம்4160 சிப் கொண்ட ஐசொலேட்டர்கள் 12 மெகாபிட் வேகம் வரைதான் செல்லும். கேபிள் வேகம் குறையும், கணினி பிழைக்கும்.

ஹெடரும் கம்பியும்

சைலிங்க்ஸ் போர்டுகளில் வழக்கமான 14-பின் ஹெடரின் முனைகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. மற்ற இடங்களில் புழங்கும் 2.54 மில்லிமீட்டர் ஜம்பர் வயர்கள் அதில் சேராது. அந்த ஹெடரில் 2-ஆம் முனை வீரெஃப், 4 டிஎம்எஸ், 6 டிசிகே, 8 டிடிஓ, 10 டிடிஐ. எதிர்வரிசையில் இருப்பவை கிரவுண்ட். ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி ஓடுவதால் ரிப்பன் கேபிளில் சமிக்ஞை தெளிவாக வருகிறது. டிஜிலென்டின் 6-பின் ஹெடரும் ஆல்டெராவின் 10-பின் ஹெடரும் 2.54 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டவை. ஆல்டெரா ஹெடரில் 1 டிசிகே, 3 டிடிஓ, 4 மின்சாரம், 5 டிஎம்எஸ், 9 டிடிஐ, 2-உம் 10-உம் கிரவுண்ட். சுற்றுச்சுவர் இல்லாத ஹெடரில் கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிட்டால், கேபிளின் டிசிகேயும் டிடிஐயும் போர்டின் கிரவுண்டில் போய் முட்டும். ஆகவே சிவப்புக் கோடு போட்ட கம்பி 1-ஆம் முனைக்கு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

தனித்தனி ஜம்பர் வயர்களால் இணைப்பவர்கள் அவற்றை 15 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, டிசிகே கம்பியோடு ஒரு கிரவுண்ட் கம்பியை முறுக்கி விடுவது நல்லது.

வேகம் ஏன் கடைசி?

ஆர்ட்டி ஏ7-35 போர்டில் இருக்கும் ஆர்டிக்ஸ் சிப்பின் பிட்ஸ்ட்ரீம் 1,75,36,096 பிட். பழைய யூஎஸ்பி-பிளாஸ்டரின் 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அனுப்பினாலும் இது மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். எஃப்டி2232ஹெச்சின் உச்சமான 30 மெகாஹெர்ட்ஸில் 0.6 விநாடி. ஐஸ்40 ஹெச்எக்ஸ்1கே சிப்புக்கோ வெறும் 32,220 பைட்தான். அந்தப் பிட்ஸ்ட்ரீமை உருவாக்க மென்பொருள் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்போது, இரண்டு விநாடி மிச்சப்படுத்தக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஃபிளாஷில் எழுதும்போது, ஃபிளாஷ் தன்னை அழித்து எழுதிக்கொள்ளும் நேரமே பெரும்பங்கு. ஐஎல்ஏயில் பெரிய அளவில் தரவு பிடிப்பவர்களும், எஃப்பிஜிஏக்குள்ளேயே அமைத்த மென்செயலியின் நினைவகத்துக்கு ஜேடேக் வழியாக நிரல் ஏற்றுபவர்களும் மட்டுமே வேகத்தை உணர்வார்கள். உண்மையில் வேகத்தைக் கூட்ட முடிவதைவிடக் குறைக்க முடிவதே பயனுள்ள வசதி. கம்பி நீளமான இடத்தில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்க முடிந்தால் பாதித் தொல்லை தீரும். எஃப்டிடிஐ கேபிள்களிலும் யூஎஸ்பி-பிளாஸ்டர் 2-இலும் இது முடியும். பழைய பிளாஸ்டரில் முடியாது.

வாங்கி வந்த பின்

லினக்ஸில் எஃப்டி2232ஹெச் 0403:6010 என்ற எண்ணோடும் எஃப்டி232ஹெச் 0403:6014 என்ற எண்ணோடும் தெரியும். எண் தெரிந்தும் மென்பொருள் அனுமதி மறுக்கப்பட்டது என்று சொன்னால், யூடெவ் விதி (சாதனத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் லினக்ஸ் அமைப்பு) ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டுவது நல்ல பழக்கம் அல்ல. விண்டோஸில் சிக்கல் வேறு: விவாடோ எஃப்டிடிஐயின் சொந்த டிரைவரையும், ஓப்பன்எஃப்பிஜிஏலோடர் வின்யூஎஸ்பி டிரைவரையும் எதிர்பார்க்கின்றன. சாடிக் கருவியால் டிரைவரை மாற்றும்போது ஜேடேக் இருக்கும் முதல் சேனலை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவதையும் மாற்றினால் யூஆர்ட் துறை மறைந்துவிடும். முதல் சேனலை மாற்றிய பின் விவாடோவுக்கு அந்தக் கேபிள் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் சோதனையாகப் பிட்ஸ்ட்ரீம் எதையும் ஏற்றாமல், ஜேடேக் சங்கிலியில் இருக்கும் சிப்பின் ஐடிகோடை (அடையாள எண்ணை) மட்டும் படிக்கச் செய்யுங்கள். அது 32 பிட் எண். தரத்தின்படி அதன் கடைசி பிட் எப்போதும் 1. எல்லா பிட்டும் 1 என்று வந்தால், போர்டுக்கு மின்சாரம் இல்லாமலோ டிடிஓ கம்பி இணையாமலோ இருக்கலாம். எல்லாம் 0 என்று வந்தால், டிடிஓ எங்கோ கிரவுண்டைத் தொட்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தால் இணைப்பு சரி, சமிக்ஞைதான் சரியில்லை: வேகத்தைக் குறைத்து, கம்பியைச் சுருக்கி, கிரவுண்டைக் கூட்டிப் பாருங்கள். எண் மாறாமல் வரத் தொடங்கிய பிறகு, முதலில் தற்காலிக நினைவகத்துக்கு ஏற்றிப் பார்த்து, அதன்பின் ஃபிளாஷில் எழுதலாம்.

ஜேடேக் உள்ள போர்டில் ஃபிளாஷ் கெட்டுப்போனாலும் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்பதால் பெரிய கவலை இல்லை. டைனிஎஃப்பிஜிஏ பிஎக்ஸ் போன்றவற்றில் பூட்லோடரும் அதே ஃபிளாஷில்தான் குடியிருக்கிறது. அதன் பகுதி தவறுதலாக அழிந்துவிட்டால் யூஎஸ்பி வயரை எத்தனை முறை செருகினாலும் போர்டு பேசாது. அப்போது ஃபிளாஷின் முனைகளுக்கு நேரடியாகக் கம்பி கொடுத்து, எஸ்பிஐ வழியாகப் பூட்லோடரை மீண்டும் எழுத வேண்டியிருக்கும். அத்தகைய போர்டை வைத்திருப்பவர், தனிக் கேபிள் தேவையில்லை என்று தொடக்கத்தில் முடிவு செய்திருந்தாலும், ஓர் எஃப்டி232ஹெச் தொகுதியைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பது நல்லது.